பாறை வளைவிலிருந்து ஒரு கூப்பாடு

மலையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரில் முதலில் மரியாதை கூடியது கம்பளிகளுக்குத்தான். பரணில் எலிக்குப் படுக்கையாகக் கிடந்ததெல்லாம் கீழே இறங்கி, உதறுபட்டு, மதில்மேல் காய்ந்தது. எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் சுண்ணாம்பு வாளி. கக்கூஸ் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. உள்ளே இருப்பவர் ஓர் இருமல் இருமினால் போதும் என்று அதுவரை இருந்த ஊர் அது. வருகிறவர்கள் இருமலை நம்ப மாட்டார்களாம், தாழ்ப்பாள்தான் வேண்டுமாம்.

வந்தவர்களும் வந்தார்கள். மேலே குகைகளில் எந்தக் காலத்திலோ யாரோ தீட்டிவைத்த ஓவியங்கள் இருக்கின்றன. மான், வில் பிடித்த ஆட்கள், கைகோத்து ஆடுகிற பெண்கள். ஊர்க்காரர்கள் மழைக்கு ஒதுங்கும்போது மட்டும் ஏறெடுத்துப் பார்த்த அந்தப் பெண்களைப் பார்ப்பதற்கு பஸ் ஏறி, ஜீப் ஏறி, கடைசியில் மூச்சு வாங்க நடந்து வந்தார்கள். கதவு நிலையில் செதுக்கிய கொடியைத் தடவிப் பார்த்தார்கள். யாராவது வாயைத் திறந்து பாடினால் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "என்ன அமைதி, என்ன அமைதி" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அந்த அமைதிக்குள் எத்தனை வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வந்த விருந்தாளியிடம் வீட்டுக் கூரை ஒழுகுவதையா சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

மணியக்காவின் வீடு ஊருக்குக் கடைசி வீடு. அதைத் தாண்டினால் குகைக்குப் போகிற பாதைதான். அடுப்படிப் படியில் நின்றால் அந்தப் பாதை சரிவில் ஏறி, ஒரு பெரிய பாறையைச் சுற்றி மறைவது தெரியும். பாறை வளைவு என்பார்கள். அந்த இடத்தில் இருந்த வீடு என்பதால் தங்குமிடமாக மாற்ற முதலில் யோசனை வந்ததும் அதற்குத்தான். யோசனை மணியக்காவின் கொழுந்தனுடையது. அவன்தான் வழிகாட்டி, அவன்தான் மூட்டை தூக்குகிறவன், குழாய் உறைந்துபோனால் வெந்நீர் ஊற்றி உருக்குகிறவனும் அவன்தான். அவன் பெண்டாட்டி, அதாவது மணியக்காவின் ஓரகத்தி, படுக்கை தட்டிப் போடுவாள், பாத்திரம் கழுவுவாள், மீதி நேரமெல்லாம் பேசுவாள். சமையல் மணியக்கா. அவள் போடுகிற ரொட்டிக்காகவே ஒரு நாள் தங்க வந்து மூன்று நாள் தங்கியவர்கள் உண்டு.

மணியக்கா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பொழுது சாயும்போது தினமும் அடுப்படிப் படிக்கு வந்து, இரும்பு மூடியை ஒரு கையில் பிடித்து, கரண்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். பனி கொட்டினாலும் தட்டுவாள். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாத நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தட்டியிருக்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டில் மாட்டைக் கட்டுவார்கள். அதனால் வந்த பெயர். எதற்காகத் தட்டுகிறாள் என்று ஊருக்கே தெரியும். தெரிந்ததால் யாரும் அவளிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மலை மூடிக்கிடந்த காலத்துப் பழக்கம் அது. காட்டுக்குள் ஒரு கூட்டம் துப்பாக்கியோடு இருந்தது. அந்தக் கூட்டத்தைத் தேடிப் பட்டாளம் துப்பாக்கியோடு அலைந்தது. நடுவில் இருந்த ஜனங்கள் விறகுக்கும் புல்லுக்கும் போகாமல் இருக்க முடியுமா? வளைவு திரும்பும்போது எதிரே திடுதிப்பென்று ஓர் ஆள் நின்றால், எந்தப் பக்கத்துக்காரனாக இருந்தாலும் முதலில் சுட்டுவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பான். ஆகவே ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் குரல் கொடுத்துவிட்டு நடந்தார்கள். பெயர் சொன்னால் அதிலே ஒரு வம்பு வரும் என்று, வார்த்தையே இல்லாத கூப்பாடு. ஆளுக்கொரு கூப்பாடு. வீட்டுக்கு மேலே இருக்கிற வளைவில் நின்று வெளியே போனவன் கூப்பிட்டால், வீட்டில் இருக்கிறவள் மூடியைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் வராதே, உள்ளே ஆள் புகுந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரே மூச்சில் வரவேண்டிய கூப்பாட்டை அவன் நடுவில் முறித்து, ஒரு மூச்சு விட்டு, மீதியைக் கூப்பிட்டால், தனியாக இல்லை என்று அர்த்தம். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், யாரும் வெளியே வந்துவிடாதீர்கள் என்று அர்த்தம். அந்தக் கூப்பாட்டுக்கு மூடியைத் தட்டக் கூடாது. விளக்கை அணைத்து, அடுப்பை மூடிவிட்டு, ஆளில்லாத வீடு மாதிரி இருந்துவிட வேண்டும். அந்தச் சத்தமின்மைதான் பதில்.

மணியக்காவின் புருஷன் சுமை தூக்குகிறவன். உப்பையும் சர்க்கரையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே இருக்கிற வீடுகளுக்குப் போய் விற்றுவிட்டு வருவான். ஒரு மழைநாளில் போனவன் திரும்பவில்லை. அன்று வீட்டில் கொழுந்தன் பரணில் ஒளிந்திருந்தான். காட்டுக்காரர்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தான் என்று பட்டாளம் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. தகரக் கூரை மேல் கல்லைக் கொட்டுவது மாதிரி மழை. காற்றில் விளக்கும் அணைந்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வளைவிலிருந்து எந்தக் கூப்பாடும் அவர்களுக்குக் கேட்கவில்லை.

"அந்தப் பக்கமா மலை இறங்கியிருப்பாரு" என்று மணியக்கா சொல்லிக்கொண்டாள். "எத்தனையோ பேரு அப்படிப் போயி அங்கயே வேலைவெட்டின்னு இருந்துட்டாங்க. வழி அடைச்சுக் கிடக்கே, எப்படி வருவாரு? திறந்தா வருவாரு."

இப்போது திறந்துவிட்டார்கள். திறந்தது வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமா? அவனுக்கும்தானே? ஊர் முழுக்க விருந்தாளிகளுக்காகச் சுண்ணாம்பு அடித்தபோது, அவள் மட்டும் யாருக்காக அடித்தாள் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு சாயங்காலம் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பாறை வளைவிலிருந்து கூப்பாடு வந்தது.

கீழே ஆரம்பித்து, ஏறி ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, சட்டென்று சறுக்கி இறங்குகிற கூப்பாடு. அவள் புருஷனுடையது. மணியக்காவின் கையிலிருந்து மாவு நழுவியது. மூடியைத் தேடினாள், கரண்டியைத் தேடினாள், இரண்டும் கைக்கு வந்த பிறகும் தேடினாள். தட்டியும் விட்டாள். ஒரு தட்டு. அப்படியே செருப்பில்லாமல் பாதையில் ஓடினாள். வளைவில் சிவப்பு ஜாக்கெட் போட்ட தடித்த ஆள் ஒருவர் நின்றுகொண்டு, வாயைக் கைகளால் குவித்து, இன்னொரு தரம் கூப்பிடத் தயாராகிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"சரியா கூப்பிட்டேனாம்மா?" என்று சிரித்தார் அவர். "உங்க வீட்டுல பதில்கூட வந்துச்சே!"

மணியக்கா மாவுக் கையோடு திரும்பி நடந்தாள். வழியில் கல் குத்தியது அப்போதுதான் உறைத்தது.

அன்று விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அண்ணி, மெதுவா. உள்ள ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன்."

"நான்தான்." அவன் விறகை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டான். "மூடிக்கிடந்தப்ப எப்படி இருந்தீங்க, எப்படி இருந்தீங்கன்னு நச்சரிச்சாங்க. கூப்பாட்டைப் பத்திச் சொன்னேன். ஒண்ணு கூப்பிட்டுக் காட்டுன்னாங்க. காட்டினேன். பிடிச்சுப்போச்சு."

"உன்னுதுன்னு ஒண்ணு இருக்கே தம்பி. அதைக் காட்டுறதுதானே?"

அவன் பதில் சொல்வதற்குள் ஓரகத்தி பாத்திரத்தோடு வந்து நின்றாள். "அவருது தவளை கத்துற மாதிரி இருக்குமேக்கா. அதைக் கேட்டா வந்தவங்களும் ஓடிப்போயிருவாங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள் மணியக்கா. அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். "இத்தனை வருஷமா எதை வச்சுக்கிட்டு நான் இங்க உக்காந்திருக்கேன், சொல்லு. ஒரு போட்டோ கிடையாது. சட்டை ஒண்ணு இருந்துச்சு, அதையும் எலி தின்னுடுச்சு. என்கிட்ட இருந்தது அந்தச் சத்தம் ஒண்ணுதான். அவருக்கு இப்ப முடி நரைச்சிருக்கும், பல்லு விழுந்திருக்கும், மூஞ்சியே மாறியிருக்கும். நாளைக்கு அவரே அங்க வந்து நின்னு கூப்பிட்டா நான் என்ன நினைப்பேன்? யாரோ டூரிஸ்ட்டு விளையாடுறான்னு மாவைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவரும் நின்னு நின்னு பாத்துட்டு, வீட்டுல பதில் இல்லைன்னு திரும்பிப் போயிருவாரு."

கொழுந்தன் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தான். "தப்புதான் அண்ணி. நான் யோசிக்கலை. இனிமே யாருக்கும் சொல்லிக் குடுக்க மாட்டேன்."

சொன்னபடி அவன் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் போன சத்தத்தைத் திரும்ப வாங்கிவர முடியுமா? சிவப்பு ஜாக்கெட்காரரோடு வந்த யாரோ அதைப் போனில் பிடித்துப் போட்டிருந்தார்கள். அடுத்து வந்தவர்கள் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கூப்பிட்டுக்கொண்டு இறங்கினார்கள். குகை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது பாறை வளைவில் நின்று ஆளுக்கொரு தரம் கூப்பிடுவது, குகையைவிட முக்கியமான காரியமாகிவிட்டது. புருஷன் திரும்பி வராத வீட்டுக்கு இப்போது தினமும் ஏழெட்டுப் புருஷன்கள் திரும்பி வந்தார்கள். சிலருக்குக் கறுப்புக் கண்ணாடி, சிலர் காலேஜ் பெண்கள்.

மணியக்கா ஒவ்வொரு தரமும் எழுந்துபோய்ப் பார்த்தாள். பீன்ஸ் நறுக்கினாலும், கல்லில் ரொட்டி கிடந்தாலும், குரல் வந்தால் படிக்குப் போவாள். கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்ப்பாள். திரும்பி வருவாள். அடுத்த கூப்பாட்டுக்கு மறுபடி போவாள்.

"அக்கா, ரொட்டி கருகுது" என்பாள் ஓரகத்தி.

"நீ திருப்பிப் போடு."

"அது அவரு இல்லைக்கா. இப்பத்தான் எட்டிப் பாத்தேன். தொப்பி வச்ச பொண்ணு."

"தெரியும். நீ திருப்பிப் போடு."

ராத்திரி படுத்தால் அவள் காதுக்குள் பல குரல்களில் அந்தக் கூப்பாடு ஓடியது. கேட்டுக் கேட்டு அவன் குரல் எதுவென்றே குழம்பிப் போயிற்று. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. அவன் போனதைத் தாங்கிக்கொண்டாள். அவன் குரலும் போய்க்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை.

குளிர் ஆரம்பிக்கிற சமயத்தில் வயதான தம்பதி ஒன்று வந்தது. கணவருக்கு நரைத்த பெரிய மீசை. அந்த அம்மாள் நல்ல கலகலப்பு. வந்த கையோடு அடுப்படிக்குள் வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மீசைக்காரர் முற்றத்தில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூரை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, தகரத்தை எடுத்துட்டு ஓடு போட்டோம்" என்றாள் ஓரகத்தி. "தகரம் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மலைவீடுன்னா தகரம்தானேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார்.

முதல் நாள் அவர் குகைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றார். மதில்மேல் உட்கார்ந்து பாறை வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த சாப்பாட்டில் பாதி அப்படியே திரும்பி வந்தது. மணியக்காவுக்குச் சமைத்தது மீந்தால் பிடிக்காது.

"உருளைக்கிழங்கு அவருக்கு ஆகாதாம்மா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டாள்.

"எல்லாம் ஆகும். இங்க வந்ததுலேர்ந்து இப்படித்தான் இருக்காரு. வீட்டுலயும் மழை வந்தா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு, விடியிற வரைக்கும் தூங்க மாட்டாரு. என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்லைம்பாரு. நானும் கேட்டுக் கேட்டு ஓஞ்சுபோயிட்டேன்." அந்த அம்மாள் பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். "இங்க வரணும்னு சொன்னதே அவருதான், தெரியுமா? என் போன்ல உங்க ஊருக் கூப்பாட்டைப் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவரு பாதியில கையைக் கழுவிட்டு வெளிய போயி நின்னுட்டாரு. ரெண்டு நாளு பேசவே இல்லை. அப்புறம் வந்து, வா போய்ப் பாத்துட்டு வருவோம்னாரு."

மறுநாள் அந்த அம்மாள் அவரை விடவில்லை, குகைக்கு இழுத்துக்கொண்டு போனார். வேறு சிலரும் கூடப் போனார்கள். கொழுந்தனுக்கு விறகு வேலை இருந்ததால், பாதை தெளிவாகத்தானே இருக்கிறது என்று அவர்களாகவே போய்வரச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் வளைவில் கூப்பாடு தொடங்கியது. மணியக்கா முதல் குரலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாவதுக்கும் போனாள். மூன்றாவதுக்குப் போகும்போது கால் வலித்தது. திரும்பி வந்து உட்கார்ந்து உருண்டையை எடுத்து மணையில் வைத்தாள். மேலே அந்த அம்மாளின் குரல் கேட்டது. "நீங்களும் ஒரு தரம் கூப்பிடுங்களேன், எல்லாரும் கூப்பிட்டாச்சு." சிரிப்பு. 

பிறகு கூப்பாடு வந்தது. கீழே ஆரம்பித்து, ஏறி, உச்சிக்குப் போவதற்குள் முறிந்தது. ஒரு மூச்சு. அப்புறம் மீதி.

மணியக்காவின் புத்தி என்னவென்று கேட்பதற்கு முன்னால் கை விளக்கை அணைத்துவிட்டது. இன்னொரு கை அடுப்பின்மேல் மூடியைக் கவிழ்த்தது. வாயோயாத ஓரகத்தி, வாயில் வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டுச் சுவரோரம் குந்தினாள். வெளியே கோடரிச் சத்தம் நின்றது. கொழுந்தன் விறகுக் குவியலுக்குப் பின்னால் தரையோடு படுத்துவிட்டான். எத்தனை வருஷமாயிற்று? மலை திறந்து, கூரை மாறி, கக்கூஸுக்குத் தாழ்ப்பாளும் வந்துவிட்டது. உடம்பு மட்டும் எதையும் மறக்கவில்லை.

அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் மணியக்காவுக்கு மெல்ல உறைத்தது. முறிக்கிறதைக் கொழுந்தன் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. போனில் ஊரெல்லாம் சுற்றுகிற கூப்பாட்டில் முறிவு கிடையாது. இதை இப்படிக் கூப்பிட வேண்டுமானால், இப்படிக் கூப்பிட்டதைக் கேட்டிருக்க வேண்டும்.

விருந்தாளிகள் கீழே இறங்கி வந்து இருட்டு வீட்டைப் பார்த்துத் திகைத்தார்கள். "கரண்ட் போச்சா?" என்று கேட்டார் ஒருவர். ஓரகத்தி தட்டுத்தடுமாறி எழுந்து, ஆமாம் ஆமாம் என்று சொல்லி விளக்கை ஏற்றி, எல்லாரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மீசைக்காரர் கடைசியாக வந்தார். மணியக்கா முற்றத்தில் அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"அந்தக் கூப்பாட்டை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"போன்ல..."

"போன்ல இருக்கிறது அப்படி இல்லை. நடுவுல நிறுத்தினீங்களே, அது யாரு சொன்னது?"

 அவர் பக்கத்தில் இருந்த வெட்டுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அது அப்படித்தாம்மா காதுல நிக்குது. வேற மாதிரி கூப்பிட வரலை."

"எங்க கேட்டீங்க?"

"அங்கதான்." வளைவைக் காட்டவில்லை, தலையை மட்டும் அந்தப் பக்கம் அசைத்தார். "அப்ப நான் பட்டாளத்துல இருந்தேன். சின்ன வயசு. மேலேர்ந்து மூட்டையோட வந்த ஒருத்தரைப் பிடிச்சோம். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. வீடு எதுன்னு எங்க பட்டாளத்துப் பெரியவரு கேட்டாரு. மூட்டைக்காரரு இந்த வீட்டைக் காட்டினாரு. யாரையோ தேடிக்கிட்டிருந்தோம், அவன் உள்ள இருந்தா வெளிய வரட்டும், வழக்கமா கூப்பிடுற மாதிரி கூப்பிடுன்னாரு பெரியவரு."

"கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு. பாதியில நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி. குளிருல நடுங்குறாருன்னு நான் நினைச்சேன். இன்னொரு தரம் கூப்பிடச் சொன்னாங்க. அதே மாதிரிதான். நாங்க எல்லாம் இந்த வீட்டையே பாத்துக்கிட்டு நின்னோம். ஒரு வெளிச்சம் இல்லை. ஒரு சத்தம் இல்லை. காலி வீடு, வாங்க போவோம்னு பெரியவரு சொல்லிட்டாரு."

 உள்ளே தட்டுகள் வைக்கிற சத்தமும் அந்த அம்மாள் சிரிப்பதும் கேட்டது.

"அப்ப அவரு சிரிச்சாரும்மா" என்றார் மீசைக்காரர்.  "சொந்த வீட்டுலேர்ந்து ஒரு ஆளும் எட்டிப் பாக்கலை. அந்த மனுஷன் வீட்டைப் பாத்துச் சிரிக்கிறாரு. பயத்துல புத்தி கலங்கிடுச்சுன்னு எங்காளுங்க சொன்னாங்க. அப்படிக் கலங்கின சிரிப்பு இல்லைம்மா அது. நிம்மதியா சிரிச்சாரு. அதுக்கு அர்த்தம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. மழை பேஞ்சா அந்தச் சிரிப்புதான் கண்ணுல வந்து நிக்குது."

"அப்புறம்?"

"மேல கூட்டிக்கிட்டுப் போனாங்க. என்னை வளைவுல காவலுக்கு நிறுத்திட்டாங்க." அவர் தலையைத் தூக்கவில்லை. "வெடிச் சத்தம் கேட்டுச்சு. திரும்பி இறங்கும்போது அவரு கூட வரலை."

மணியக்கா அழுவாள், கத்துவாள், கல்லை எடுத்து எறிவாள் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ. கடைசியில் அவரே கேட்டார். "உங்க வீட்டுக்காரராம்மா?"

"ஆமா."

"அவரு ஏம்மா சிரிச்சாரு?"

"அது எங்க வீட்டு விஷயம்" என்றாள் அவள். "உள்ள போங்க. உங்க சம்சாரம் தேடுவாங்க. இனிமே அந்தக் கூப்பாட்டை நீங்க கூப்பிடாதீங்க. ஊருல யாரு வேணும்னாலும் கூப்பிடட்டும். நீங்க கூப்பிடாதீங்க."

அவர் எழுந்து, கும்பிடப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டு, உள்ளே போனார்.

விறகுக் குவியலுக்குப் பின்னால் கொழுந்தன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். சட்டையெல்லாம் மரத்தூள். மணியக்கா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் பரண்லதான் இருந்தேன் அண்ணி" என்றான். "சத்தியமா எனக்குக் கேக்கலை."

"எனக்கும்தான் கேக்கலை."

"முறிக்காம கூப்பிட்டிருந்தா?"

"தகரத்துக்கு அடியில எது நமக்குக் கேட்டுச்சு? கேட்டிருந்தா நான் தட்டியிருப்பேன். அவரைப் பாக்குறதுக்கு நீயும் இறங்கி ஓடியிருப்பே. அங்கயே ரெண்டு பேரும் போயிருப்பீங்க."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "எனக்காக வளைவுல நின்னு முறிச்சிருக்காரு. அதையே எடுத்து நான் ஊருக்கெல்லாம் வித்துட்டேனே அண்ணி."

"வித்ததாலதான் இந்த ஆளு வந்தான். இல்லைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் தெம்பில்லை.

"சிரிச்சாராமே" என்றான் அவன், சின்னப் பிள்ளை மாதிரி.

"நமக்குக் கேட்டுடுச்சுன்னு நினைச்சிருக்காரு" என்றாள் மணியக்கா. "முறிச்சாரு, வீடு சத்தம் காட்டலை. பொண்டாட்டி புரிஞ்சுக்கிட்டா, தம்பி உள்ளயே இருந்துட்டான், இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுட்டாரு. அந்தச் சந்தோஷத்துல சிரிச்சிருக்காரு. நான் என்னடான்னா ஒண்ணும் தெரியாம, அணைஞ்ச விளக்கை ஏத்த நெருப்பில்லையேன்னு காத்தைத் திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். இத்தனை வருஷமாக அழாமல் சேர்த்துவைத்ததும் சேர்ந்து வந்தது. கொழுந்தனும் அழுதான். ஓரகத்தி ஒரு தரம் கதவு வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அவளே ரொட்டி போட்டாள். கோணல்மாணலாகத்தான் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மீசைக்காரரும் அந்த அம்மாளும் காலை ஜீப்பிலேயே போய்விட்டார்கள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டார். ரொட்டிக்கு மாவை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று மறக்காமல் கேட்டுக்கொண்டு போனார். மணியக்கா பொறுமையாகச் சொன்னாள்.

பகல் வழக்கம்போலப் போயிற்று. கம்பளிகளை வெயிலில் போட்டார்கள். புதிதாக வந்தவர்களைக் கொழுந்தன் குகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது பாறை வளைவில் அவன் ஒரு நிமிஷம் நின்றதையும், அவர்களை முன்னால் போகவிட்டுக் கீழே குனிந்து தரையைத் தொட்டதையும் அவள் படியிலிருந்து பார்த்தாள். மத்தியானமே திரும்பிவிட்டான். "சாயங்காலம் அவங்களே வந்துருவாங்க. நான் வீட்டுல இருக்கேன் அண்ணி" என்றான்.

பொழுது சாய்ந்தது. குகைக்குப் போனவர்கள் இன்னும் இறங்கவில்லை, பாதை வெறுமையாக இருந்தது. மணியக்கா கையைக் கழுவிவிட்டு, மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு படிக்கு வந்தாள். கொழுந்தன் கோடரியை நிறுத்தினான். பக்கத்து வீட்டுக்காரி மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தா தட்டப்போகிறாள் என்று நின்றாள்.

அவள் தட்டவில்லை. வளைவைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மூடியை உள்ளே கொண்டுபோய் அடுப்பின்மேல் கவிழ்த்தாள். விளக்கை ஊதி அணைத்தாள். ஓரகத்திக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே வந்து கதவைச் சாத்தினான். மூன்று பேரும் இருட்டில் மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"மணியக்கா, என்னாச்சு? இன்னிக்கு என்ன, தட்டலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கயிறோடு நின்று கூப்பிட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

அன்று மழை இல்லை, காற்றும் இல்லை. அந்த வீடு சத்தமில்லாமல் இருந்தது பாறை வளைவு வரைக்கும் நன்றாகவே கேட்டிருக்கும்.